மிதக்கும் பாசி, மூன்று உதறல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் வயிற்றிலிருந்து வந்தது. மனதிலிருந்து, கனவிலிருந்து, எங்கோ காதில் விழுந்த ஒரு வரியிலிருந்து என்றெல்லாம் எழுதுகிறவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் மேடையில் அப்படி அளந்திருக்கிறேன். இது என் தங்கையின் போட்டில், ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது.

நான் போனது வேறு கதைக்காக. ஒரு பத்திரிகை ஆசிரியர் 'கருணை' என்று தலைப்பைக் கையில் கொடுத்துக் கதை கேட்டிருந்தார். கருணை என்றதும் எனக்குத் தங்கை ஞாபகம்தான் வந்தது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையத்தில் அவள் போட் ஓட்டுகிறாள். நிலையம் தண்ணீர் உறிஞ்சும் வாயை மிதக்கும் பாசி வந்து அடைத்துவிடாமல், முன்கூட்டியே போய் வாரி எடுப்பது அவள் வேலை. வாரும்போது பாசிக்குள் இருக்கும் சின்ன உயிர்களை உதறிக் கடலிலேயே விட்டுவிடுவாள். நல்ல பிள்ளை, நல்ல வேலை, நல்ல கதை. உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

"கடல் அன்று ஒரு கண்ணாடியைப் போல" — (வேண்டாம். கண்ணாடியாக இருந்திருந்தால் எனக்கு ஏன் வாந்தி வந்தது?)

"அவள் ஒவ்வொரு நண்டுக்குஞ்சையும் தன் சொந்தக் குழந்தையைப் போல" — (இதைப் படித்தால் தங்கை என்னைக் கடலில் தள்ளிவிடுவாள். தவிரவும், அவள் தன் சொந்தக் குழந்தையை அதட்டுகிற அதட்டு எனக்குத் தெரியும்.)

"பாசி என்பது" — (இது பரவாயில்லை. பாசியிலிருந்தே தொடங்குகிறேன்.)

2

பாசி என்பது பாறையில் நம்மை வழுக்கி விழவைக்கும் பச்சைச் சமாச்சாரம் என்றுதான் இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். நான் சொல்லவந்த பாசிக்கு வேர் கிடையாது. பாறையும் வேண்டாம், தரையும் வேண்டாம், மிதந்தபடியே வளர்கிறது. தேன் நிறத்தில் கிளைகள், ஓரம் ரம்பம் போல இருக்கும் இலைகள், நடுநடுவே பட்டாணி அளவில் காற்றுப் பைகள். அந்தப் பைகள்தான் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. காற்றும் நீரோட்டமும் ஒதுக்கிச் சேர்த்தால் பாய் அளவு, அறை அளவு, சில சமயம் ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்குக்கூடத் திட்டாகிவிடும்.

கரையில் நின்று பார்க்கிறவருக்கு அது குப்பை. கொஞ்சம் நடுக்கடலை நினைத்துப் பாருங்கள். மேலே பறவை, கீழே பெரிய பெரிய வாய், நடுவில் எங்கு பார்த்தாலும் வெளிச்சம். ஒதுங்க ஒரு சுவர் இல்லை, ஒளிய ஒரு மூலை இல்லை. விரல்நீள மீன் ஒன்று அங்கே என்ன செய்யும்? பாசித் திட்டு வந்தால் அதன் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். பறக்கும் மீன், பிசுபிசுப்பான நூல்களால் தன் முட்டைகளை அதில் பிணைத்துவிட்டுப் போகும். கரையிலிருந்து புறப்பட்ட ஆமைக்குஞ்சு, நீந்தி நீந்திக் கை ஓய்ந்தபின் அதன்மேல் ஏறிப் படுக்கும். பாசியின் நிறத்திலேயே இறால், பாசியின் நிறத்திலேயே நண்டு, பாசியின் இலையைப் போலவே கிழிசல் கிழிசலாகத் துடுப்பு வைத்த மீன். பிறந்ததிலிருந்து அந்தக் கூரையைத் தவிர வேறு எதையும் அறியாத ஜனம் அது. வயதான பாசி, பைகளில் காற்று போய், மெல்ல மூழ்கி, சூரியனையே பார்த்திராத அடித்தரைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு அது வானத்திலிருந்து விழுந்த சாப்பாடு.

(* நியாயமாக இதையும் சொல்லவேண்டும். இதே பாசி அளவு மீறிக் கரையில் ஒதுங்கினால் அழுகும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், கரையோரத்து உயிர்களின் மூச்சை அடைக்கும். கூரைகூட நம் தலையில் இறங்கினால் ஆபத்துதானே.)

இதற்குமேல் பாடம் நடத்தினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆட்களை வரச்சொல்கிறேன்.

3

போட்டில் மொத்தமே இரண்டு பேர். ஓட்டுவது தங்கை. பாசியைத் தூக்குவது கரண்டியார். ஆள் உயரத்துக்கு மேல் கைப்பிடி வைத்த இரும்பு முள்கரண்டி ஒன்றை எப்போதும் தோளில் சாய்த்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்பது அவர் கட்சி.

உதறல், தங்கையின் கண்டுபிடிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாசியை அள்ளி இரும்புத் தொட்டியில் போட்டபோது, அடியில் கிடந்து துடித்தவற்றைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தாள். தூக்கு, தண்ணீருக்கு மேலே பிடி, மூன்று உதறு, அப்புறம்தான் தொட்டி. வேலை நேரம் நீண்டது, கரண்டியார் முணுமுணுத்தார், பிறகு அவரே அதில் கெட்டிக்காரராகிவிட்டார். நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் இருவர் படத்தையும் ஒட்டி, 'ஒவ்வொரு உயிரும் நமக்கு முக்கியம்' என்று எழுதிப் போட்டார்கள். படத்தில் கரண்டியார் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இதை ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டு வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரண்டியார் தூண்டிலைப் போடுவார். போட்ட மாத்திரத்தில் மீன் கடிக்கும்.

"இந்த போட்டுக்கே ஒரு ராசிம்மா," என்றார் என்னிடம். "பக்கத்துலயே வேற போட்ல நின்னு போட்டுப் பாத்தேன். ஒண்ணும் சீந்தல. இதுல மட்டும் க்யூல நிக்குதுங்க."

அந்த ராசியில் எனக்கும் பங்கு வந்திருக்கிறது. தங்கை அடிக்கடி மீன் கொண்டுவந்து கொடுப்பாள். நல்ல கொழுத்த மீன். நானே குழம்பில் கடைசித் துண்டுக்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

4

(இந்தப் பகுதியை நாலைந்து விதமாக எழுதிவிட்டேன். எல்லாவற்றிலும் நான் கம்பீரமாக நின்று கடலைக் கூர்ந்து கவனிக்கிறேன். உண்மை வேறு.)

வாந்தி எடுக்கிறவளுக்குக் கீழே பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. மறுபக்கம் கரண்டியார் உதறிக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் குனிந்து கிடந்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. போட்டின் நிழல் என்று நினைத்தது லேசாகத் திரும்பியது. நிழலுக்குக் கண் இருந்தது. ஒன்று இல்லை, ஒரு கூட்டம். என் கை நீளத்தில், அசையாமல், கரண்டியார் உதறும் பக்கமாக முகம் வைத்து நின்றன. முதல் உதறல் விழுந்த சத்தம் கேட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் போட்டுக்கு அடியில் நுழைந்து போயின. மூன்றாவது உதறல் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, பழைய இடத்தில் நின்றுகொண்டன.

"ஏய், கீழ என்னடி இவ்வளவு பெரிய மீனெல்லாம் நிக்குது?"

"எங்கக்கா?"

"போட்டுக்கு அடியில. நீங்க உதறுனா அந்தப் பக்கம் போகுது. முடிஞ்சதும் திரும்பி வந்து நிக்குது."

"அது எப்பவும் நிக்கும்மா," என்றார் கரண்டியார். "அதான் சொன்னேனே, நம்ம ரா—"

அந்த வார்த்தையை அவர் முடிக்கவே இல்லை. முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வயித்தக் கிழிச்சா எப்பவும் குட்டி நண்டு, குட்டி மீனுதான் இருக்கும். நல்லாத் தின்னு கொழுத்த மீனுன்னு சந்தோஷமால்ல இருந்தேன்."

தங்கை இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அவள் கண்களில் அந்தக் கடல் முழுவதும்" — (அடித்துவிட்டேன். அவள் கண்ணில் கண்ணீர் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.)

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். சமையல்கட்டு மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எதுவும் வேண்டாம் என்றாள்.

"மூணு வருஷமா பந்தி பரிமாறியிருக்கேன்க்கா. ஒரு தடவகூடக் குனிஞ்சு பாக்கலியே."

"ஓட்டுறவ முன்னாலதானடி பாக்கணும்? நீ எப்படிக் கீழ பாப்ப?"

"சமாதானம் சொல்லாத. வீட்ட இடிச்சுட்டு, உள்ள இருக்கிறவங்கள மட்டும் நடுரோட்ல தள்ளி விட்டேன். பொழச்சுக்குவாங்கன்னு நெனச்சேன் பாரு. அதுக்கு போட்டோ வேற எடுத்து ஒட்டியிருக்காங்க."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் கருணைக் கதை மூழ்கிப்போனதும் அதே நேரத்தில் உறைத்தது. இரண்டும் ஒரே அளவு வருத்தமாக இருந்தது என்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, தெரியவில்லை.

5

கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் சௌகரியம். நிலையத்தின் மேலாளரை அதற்காக வைத்திருந்தேன். வழுக்கைத் தலை, இறுக்கமான காலர், கையில் எப்போதும் வாக்கிடாக்கி. எழுத எழுத அவர் எனக்கு ஒத்துழைக்கவில்லை.

தங்கை அவரிடம் போய் ஒரு யோசனை சொன்னாள். பெரிய திட்டு ஒன்று வருகிறது. அதை வாரவேண்டாம். துறைமுகத்தில் எண்ணெய் கசிந்தால் சுற்றி வளைக்க வைத்திருக்கும் மிதவை வேலியைப் பாசியைச் சுற்றிப் போட்டு, கயிற்றில் கட்டி, தண்ணீர் உறிஞ்சும் வாயைத் தாண்டி மெதுவாக இழுத்துக்கொண்டு போகலாம். கரை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு அப்பால் நீரோட்டம் வெளிக்கடலுக்குத் திரும்புகிறது. அங்கே விட்டுவிட்டால் அது தன் வழியில் போய்விடும், கூரை கலையாமல்.

"எனக்கும் ஆமக்குஞ்சுன்னா புடிக்கும்மா," என்றார் மேலாளர். "பம்புக்குப் புடிக்காதே. நான் என்ன செய்ய?"

"ஒரே ஒரு தடவ சார்."

"நடுவுல பிரிஞ்சு வாயில போய் அடைச்சா ஊருக்கே தண்ணி நிக்கும். ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ற மிஷினுக்கும் இதே தண்ணிதான். அத யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார். அதனாலதான் நடக்குறதவிட மெதுவாப் போறேன்னு சொல்றேன்."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "சரி, ஒரு தடவ. உறிஞ்சுற வாயில இருக்குற கம்பிவலையில பாசி ஏறுச்சுன்னா பட்டை போட்டுக்குச் சொல்லிருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத."

பட்டை போட் என்பது, முன்னால் ஓடுகிற பட்டை வைத்து, எதிரே வரும் பாசியை உள்ளிருக்கும் உயிரோடு சேர்த்து வாரி விழுங்கும் பெரிய இயந்திரம். அது வந்தால் தங்கையின் போட்டைக் கரையோடு கட்டிவிடுவார்கள். அவள் வேறு வேலை தேடவேண்டும். அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரும் எந்தத் திட்டுக்கும் வழி கிடையாது. இதெல்லாம் அந்த ஒரு தடவையை நம்பித்தான் இருந்தது.

மேலாளர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு எரிச்சல். (வழுக்கையை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், இருப்பதைத்தான் எழுதினேன்.)

6

இதோ முடிவு.

திட்டு வந்தது. பெரிய கூடத்தில் விரித்த ஜமுக்காளம் அளவுக்கு இருந்தது. கரண்டியார் வேலியைச் சுற்றிப் போட்டார். தங்கை கயிற்றை இறுக்கி, இன்ஜினை மூச்சு விடுவதுபோல வைத்து இழுத்தாள். நானும் போயிருந்தேன். இந்த முறை முன்னெச்சரிக்கையாக ஒரு சின்ன வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் ஏறியது. தண்ணீர் உறிஞ்சும் வாயின் மேல் மிதக்கும் சிவப்பு மிதவையைக் கடக்கும்போது வாக்கிடாக்கி கரகரத்தது. முனையைத் தாண்டியதும் கரண்டியார் வேலியைத் திறந்தார். பாசி கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே தயங்கிவிட்டு, பிறகு ஒரு பக்கமாக நீண்டு, நீரோட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

"போச்சா?" என்றது வாக்கிடாக்கி.

"போச்சு சார்."

"வலையில ஒண்ணும் ஏறல." சற்று நேரம் கழித்து, "அடுத்தது வந்தா சொல்லு. பாப்போம்," என்றார் மேலாளர்.

தங்கை சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரிப்பதைப் பார்த்தேன். பாசி வெளிச்சத்தில் ஒரு கீற்றாகத் தெரிந்து, தெரியாமல் போனது.

முற்றும்.

7

முற்றவில்லை. பத்திரிகைக்கு அனுப்புமுன் தங்கையிடம் காட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே போனில் படித்தாள். வெங்காயத்தை நிறுத்திவிட்டு மறுபடி படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நடுவுல ஒண்ண விட்டுட்டியே."

"கதைக்கு அது தேவையில்லடி."

"உன் கதையில எல்லாம் பொழச்சிருச்சு. நீ அங்கதான இருந்த?"

"கடைசியில நல்லபடியாத்தான முடிஞ்சுது?"

"எனக்கு முடிஞ்சுது. பிஞ்சு வந்த அந்தக் கட்டுல இருந்ததுக்கு? உதறுனப்ப நான் கீழ பாக்கல. நீ கீழயே பாத்துட்டு இருந்தவ, எழுதுறப்ப நிமிந்துக்கிட்ட."

வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அடுத்தவர் சரியானதைச் சொல்லிவிட்டால் வருகிற கோபம். ஆக, விட்டதை எழுதுகிறேன்.

8

சிவப்பு மிதவைக்குப் பக்கத்தில் போகும்போது வேலியின் ஒரு ஓரம் வழியாகப் பாசி கொஞ்சம் பிய்ந்து வெளியே வந்துவிட்டது. ஒரு கட்டுதான், நனைந்த போர்வையைச் சுருட்டியது போல இருந்தது. அது நேராக உறிஞ்சும் வாயை நோக்கி நகர்ந்தது. கரண்டியார் எட்டி, முள்கரண்டியால் அதைக் குத்தித் தூக்கிவிட்டார்.

தூக்கிய பிறகுதான் பிரச்சினை. பெரிய திட்டு கயிற்றின் மறுமுனையில், எட்டாத தூரத்தில் வந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் கயிறு தொய்ந்து வேலி திறந்துகொள்ளும். முழுத் திட்டும் வாய்க்குள் போகும். தூக்கியதைத் திரும்பத் தண்ணீரில் போட்டால் இதுவும் அங்கேதான் போகும். போட்டுக்கு அடியில் பழைய ஆட்கள், அந்தப் பெரிய மீன்கள், வந்து நின்றிருந்தன. பழக்க தோஷம். இன்ஜின் சத்தம் கேட்டாலே சாப்பாடு என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்திருந்தோம்.

வாளி இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நான் உட்கார்ந்திருந்தேன். கொட்டிக் கழுவிவிட்டுக் கொடுத்தேன். கட்டின்மேல் ஒரு ஆமைக்குஞ்சு இருந்தது, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. யாரும் யாரையும் கேட்கவில்லை. கரண்டியார் ஒரு கையால் எடுத்து அதைத்தான் முதலில் வாளியில் விட்டார். அதோடு ஒரு பிடி பாசி. வாளி நிறைந்துவிட்டது. அழகாக இருப்பதற்கு எப்போதும் வாளி கிடைத்துவிடுகிறது. (இந்த வரியைத் தங்கை படிக்கவில்லை. அவள் படித்தால் என்ன சொல்வாளோ.)

மீதி முள்கரண்டியில் தொங்கியது. பக்கத்தில் பார்த்தேன். இலையென்று நினைத்தது வாயைத் திறந்தது. காற்றுப் பை என்று நினைத்தது கால்களை மடக்கி உள்ளே ஒளிந்தது. கிளையோடு கிளையாக நூலில் முட்டைகள். கண்ணாடி போல இறால்கள் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியிருந்தன. கீழே ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சின்னச் சுழி எழுந்தது.

"உதறவா, வேணாமா?" என்றார் கரண்டியார்.

தங்கை போட்டைத் திருப்பும் சக்கரத்தை விடாமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டு யோசித்துச் சொன்னாள். "உதறுனா, வேகமா நீந்துற சிலது தப்பிச்சு, பின்னால வர்ற திட்டுக்குப் போயிரலாம். நண்டெல்லாம் மீன் வாய்க்குப் போயிரும். உதறாம தளத்துல போட்டு ஈரக் கோணியால மூடுனா, முனை வர்ற வரைக்கும் நண்டு தாங்கலாம். மீன் ஒண்ணுகூடத் தாங்காது. முட்டையும் காஞ்சிரும்."

"ரெண்டுல எது?"

"எனக்குத் தெரியல அண்ணே." பிறகு தலையைத் திருப்பாமலேயே, "அக்கா, நீ சொல்லு. கை சும்மா இருக்குறது நீ ஒருத்திதான்," என்றாள்.

நான் சொன்னேன். கரண்டியார் அப்படியே செய்தார். என்ன சொன்னேன் என்பதை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். எழுதிவிட்டால் நீங்கள் என்னைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். நீங்களும் இவ்வளவு நேரம் கையைச் சும்மா வைத்துக்கொண்டுதானே எங்களுடன் வந்தீர்கள்?

ஈரப் பாசி நல்ல கனம். கரண்டியார் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார், தோள் நடுங்குகிறது. சொட்டுவது நிற்கவில்லை. அவர் இப்போது உங்களைத்தான் பார்க்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.